சஞ்சீவனியின் இடது தோடு

சஞ்சீவனியின் இடது தோடு முதன்முதலாகக் காதை விட்டுப் போனது அவளுடைய இருபத்திரண்டாவது வயதில், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், ஒரு கண்டக்டரின் சட்டைப்பைக்குள். நல்ல மனிதர், திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் தோள் உரசினால்தான் போனது. இருபத்தைந்தில் கைக்கெட்டும் தூரத்திலிருந்தே போனது. இருபத்தொன்பதில் வீதிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம் பறந்தது. காது தூர்ந்துவிடாமலிருக்க, தோடு திரும்பி வரும்வரை தாய் புஷ்பம் ஓட்டையில் ஈர்க்குச்சி செருகிவிட்டு ராகுவைத் திட்டுவாள்.

பெண்கள் பாடசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் சஞ்சீவனிக்கு வேலை. சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள் பத்திரப்படுத்துவது அவள் பொறுப்பு. புஷ்பம் அவளை வீட்டுக்குள் வைத்திருந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். இரசாயனம் படிப்பிக்கும் ஸஹ்ரா டீச்சர் ஒருநாள் சுவரில் தொங்கிய ஆவர்த்தன அட்டவணையின் இடது ஓரத்து நிரலைக் காட்டினார்.

"இது ஒங்கட வரிசை, புள்ள. கீழ போகப் போக ஆள் பெருசாகும், கடைசி இலத்திரன், ஒங்கட தோடு மாதிரி, கருவுக்குத் தூரமாகும், பிடி தளர்ந்துடும். வலப்பக்கம் இருக்கிறவங்களுக்கு இழுவை கூட."

"அப்ப எல்லாமே போயிருமா டீச்சர்?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. தோட்டுக்குப் பின் வளையல், வளையலுக்குப் பின் குரல், கடைசியில் பெயர் என்று சஞ்சீவனி வரிசை போட்டுப் பயந்தாள்.

முதலில் பெண் பார்க்க வந்த கலகெதரைக் கடைக்காரர் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் தோடு அசையவில்லை. புஷ்பத்துக்கு வாயெல்லாம் பல். ஆனால் அவர் அட்டவணையின் வலது கடைசி நிரல்காரர், கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. மறுநாள் அவர் முகம் இவர்களுக்கு ஞாபகமில்லை, இவர்களை அவருக்கும் ஞாபகமில்லை.

அடுத்து வந்தவன் அஜந்தன், கம்பளை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன். ஊரார் குடைகளும் பேனாக்களும் தானாகவே அவன் கைக்கு வந்துவிடும். ஞாயிறுதோறும் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தே இளைத்திருந்தான். அவன் கேட்டைத் தள்ளியதும் தோடு முற்றத்தைக் கடந்து அவன் பைக்குள் விழுந்தது. சஞ்சீவனி வலது காதைப் பொத்திக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். வேறெதுவும் போகவில்லை. அந்த வாரம் ஒரு குடைகூட அவனிடம் வரவில்லை.

"ஒண்டு லேசா போகும். ரெண்டாவதைக் கழட்டுறது மலையைப் பேர்க்கிற வேலை," என்றார் ஸஹ்ரா டீச்சர். "ஒங்களுக்கு ஒண்டு கூட இருந்தது, அவருக்கு ஒண்டு குறைவு. இனி ரெண்டு பேரும் நிறைவு. உப்பு சேருறதும் இப்படித்தான்."

"உப்பு தண்ணியில கரையுமே டீச்சர்."

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார்.

கல்யாணம் முடிந்து முதல் மழையிலேயே அது நடந்தது. பேராதனை வீதியில் ஒரே குடைக்குள் வந்தவர்களின் கால்கள் பிரிந்து, அவனுடையவை கம்பளைப் பக்கமும் அவளுடையவை கண்டிப் பக்கமும் நடந்தன. இருவரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், கால்கள் கேட்கவில்லை. வெயில் வந்ததும் அவன் கண்டி வீட்டுக்குத் திரும்பிவிட்டான். சின்ன மழைக்கு அரை நாள், பெரிய மழைக்கு இரண்டு நாள் என்று பழகிக்கொண்டார்கள்.

போன கார்த்திகையில் பதினொரு நாள் விடாமல் பெய்தது. மகாவலி வீதிக்கு ஏறியது, போன் வேலை செய்யவில்லை. தண்ணீருக்குள் பிரிந்தது காயும்போது பழைய இடத்துக்கே வரும் என்று எந்தப் புத்தகமும் எழுதித் தரவில்லை. பக்கத்தில் யார் கிடைக்கிறார்களோ அவர்களோடு சேர்ந்துவிடலாம். சஞ்சீவனிக்கு அது தெரியும், புஷ்பத்துக்குத் தெரியாது. அந்தப் பதினொரு நாளும் சஞ்சீவனி சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

"வந்துருவாரு, நீ சாப்புடு," என்றாள் புஷ்பம்.

பன்னிரண்டாம் நாள் வெயில் அடித்தது. மத்தியானம் முழங்கால் வரை சேற்றோடு அஜந்தன் நடந்தே வந்தான். சஞ்சீவனி ஒன்றும் கேட்காமல் அவன் பைக்குள் கை விட்டுப் பார்த்தாள். தோடு இருந்தது, கையை எடுக்க மனம் வரவில்லை, அழுதாள்.

இப்போது வானம் கறுத்தால் புஷ்பம் மருமகனுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்து அவனைக் கம்பளை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறாள். முற்றம் காய்ந்ததும் ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைக்கிறாள்.