மில்லுக் காது

டாக்டர்களுக்கு நடக்கும் தொடர் கல்விக் கூட்டங்களில் எனக்கு இரண்டு திறமைகள் உண்டு. கண்ணைத் திறந்தபடியே தூங்குவது ஒன்று. காலையில் போனதும் மத்தியான வருகைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவது மற்றொன்று. முதலாவது என் சொந்தச் சாதனை. இரண்டாவது திண்டுக்கல்லில் எல்லோரும் செய்வதுதான். சங்கச் செயலாளர் டாக்டர் இஷாக்கே பேனாவை நீட்டி, "ரெண்டு கட்டத்துலயும் போட்ருங்கண்ணே, சாப்பிட்ட பெறகு உங்களை எங்க தேடுறது?" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காது, மூக்கு, தொண்டை பற்றிய கூட்டம். சத்து மாத்திரைக் கம்பெனிக்காரர் ஒருவர் முக்கால் மணி நேரம் எங்களுக்கு வைட்டமின் பாடம் நடத்தினார். மிச்சம் விழுந்த பத்து நிமிடம் டாக்டர் பர்ஹானாவுக்கு. நம்மூரிலேயே காது மருத்துவமனை வைத்திருக்கும் இளம் டாக்டர்.

"ராத்திரி நல்லாத் தூங்கி, காலையில எந்திரிக்கும்போது ஒரு காது மட்டும் கேக்கலைன்னா, அது அவசர கேஸ்" என்றார் அவர். "பெரும்பாலும் நரம்புக் கோளாறு. ரெண்டு வாரத்துக்குள்ள ஸ்டீராய்டு குடுத்தாத்தான் நல்லது. கையில ஒண்ணுமே இல்லையா? வாயை மூடி 'ம்ம்'னு முனகச் சொல்லுங்க. அழுக்கு அடைச்சிருந்தா அடைச்ச காதுல சத்தமாக் கேக்கும். நரம்பு போயிருந்தா நல்ல காதுலதான் கேக்கும்."

என் தூக்கம் போயிற்று.

செபாஸ்தியம்மாள், முப்பத்தெட்டு வயது, வடமதுரைப் பக்கம் நூல் மில்லில் வேலை. வலது காது கேட்கவில்லை என்று என் கிளினிக்குக்கு வந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் அழுக்கு இருந்தது. யார் காதில்தான் இல்லை? எங்கள் பக்கத்து டாக்டர்களுக்கு ஒரு வசதி உண்டு. மில் தொழிலாளி காது கேட்கவில்லை என்றால் மெஷின் சத்தம்தான் காரணம், மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை. "மில்லுக் காதும்மா" என்று சொட்டு மருந்து எழுதி அனுப்பினேன். அது போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை. முந்தின நாள் காலையில் போனது என்று அவர் சொல்லியிருந்தார். விரல்விட்டு எண்ணினேன். பன்னிரண்டு நாள்.

"அந்த ஸ்லைடைத் திருப்பிப் போடுங்க!" என்று எழுந்தேன்.

"சோலைமலையண்ணே, பிரியாணி ஆறுது" என்றார் இஷாக்.

"ஆறட்டும்யா! வைட்டமினுக்கு முக்கால் மணி நேரம், காது செத்துப்போறதுக்குப் பத்து நிமிசமா?"

மண்டபம் என்னைத் திரும்பிப் பார்த்தது. இருபது வருடமாக அங்கே குறட்டை தவிர வேறு சத்தம் எழுப்பாதவன் நான். பர்ஹானாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இன்னைக்கே கூட்டிட்டு வாங்க சார், காத்திருக்கேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

செபாஸ்தியம்மாளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு மில்லுக்கே போனேன்.

"ஷிப்டு நாலு மணிக்குத்தான் முடியும்" என்றார் வாசல் காவலாளி.

"நான் டாக்டர்."

"உள்ள யாருக்கும் ஒண்ணும் ஆகலையே சார்?"

"ஆயிருக்கு. நான்தான் ஆக்கிட்டேன். கூப்பிடுய்யா!"

தலையெல்லாம் பஞ்சோடு செபாஸ்தியம்மாள் வந்தார். கூடவே சூப்பர்வைசரும்.

"என்ன சார், இம்புட்டுத் தூரம்? காது அப்படியேதான் இருக்கு. சொட்டு மருந்துதான் தீந்துபோச்சு."

"வாயை மூடிக்கிட்டு ம்ம்னு முனகுங்கம்மா."

"கேட்டு வாசல்ல வச்சுப் பாட்டா?" என்று சிரித்துவிட்டு முனகினார். கை இடது காதுக்குப் போயிற்று. "இதுலதான் கேக்குது. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல."

அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். "நான் சொன்னது தப்பும்மா. இது மில்லுச் சத்தத்துல வந்தது இல்ல. நரம்புல வந்தது. அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சிருக்கணும். இப்பவே கெளம்புங்க."

"லீவு லெட்டர் இல்லாம விட முடியாது" என்றார் சூப்பர்வைசர்.

கூட்டத்தில் தொடங்கிய கத்தலில் மிச்சம் இருந்ததையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். மனுஷனா, இரும்பா என்று கேட்டேன். பாதியில் செபாஸ்தியம்மாள் குறுக்கே வந்தார்.

"அவர்ட்ட ஏன் சார் கத்துறீக? அவரா என் காதைப் பாத்தாரு?"

செபாஸ்தியம்மாள் பக்கம் திரும்பினேன்.

"செவ்வாக்கெழம காலையில எந்திரிச்சேன், போச்சுன்னு கெழமையோட சொன்னேன்ல? நீங்க மூஞ்சியக்கூட நிமுந்து பாக்கல. 'எந்த மில்லு'ன்னுதான் கேட்டீக. பத்தொம்பது வருசமா அந்தச் சத்தத்துக்குள்ள நிக்கிறேன். எது மெல்லப் போச்சு, எது பொட்டுனு போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

சூப்பர்வைசர் கேட்டைத் திறந்துவிடச் சொன்னார். அவர்தான் அங்கே ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே ஆண்.

தன் மருத்துவமனையில் பர்ஹானா காதுப் பரிசோதனைத் தாளை என்னிடம் காட்டினார். வலது காதின் கோடு கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது.

"இப்பவே ஆரம்பிச்சிரலாம்மா" என்றார் அவர். "கேட்டுரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கேக்கவே கேக்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

செபாஸ்தியம்மாள் முதல் மாத்திரைகளை அங்கேயே விழுங்கினார். தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க ஷெட்டுல இன்னும் நாலு பேரு உங்கட்ட வந்தாக. எல்லாருக்கும் மில்லுக் காதுன்னே எழுதிக் குடுத்திருக்கீக."

மேஜையிலிருந்த துண்டுச் சீட்டை இழுத்தேன்.

"பேரு சொல்லுங்கம்மா."

"அன்புக்கரசி" என்றார். "எடது காது. அவளுக்கு என்னைக்கு வந்துச்சுன்னு அவகிட்டயே கேளுங்க. அவ பேசி முடிக்கிற வரைக்கும் கேளுங்க."