நாலு அம்பது வண்டி

"நேத்து எத்தனை மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்பினீங்க அக்கா?"

கேட்டவள் கீர்த்தி. ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தவள் அவளுடைய அம்மா ஜோதிலட்சுமி. அப்போதுதான் சந்துக்குள் நுழைந்து, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்து, பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்து அழுது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? அந்தப் பெண் கீர்த்தியைப் பார்த்தாள், அவள் மடியிலிருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு, பதில் சொல்லாமல் ஷாமியானாவின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள்.

அம்மாசி மாமா விறுவிறுவென்று வந்தார். ஜோதிலட்சுமியின் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவர். காலையிலிருந்து நாற்காலிக்கும் பந்தலுக்கும் பூவுக்கும் அலைந்து அலைந்து தொண்டை கட்டியிருந்தது.

"இன்னா கீர்த்தி இது? ஆத்தா பொணமா கெடக்குது. நீ கம்ப்யூட்டர வெச்சிக்கினு வர்றவங்கள எல்லாம் கேள்வி கேட்டுக்கினு கீற. எனக்கு ஜனங்க மூஞ்சில முழிக்க முடியல."

"மூணு மணிக்குள்ள முடிக்கணும் மாமா."

"இன்னாத்த முடிக்கணும்?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. அக்கா பிணத்தின் முன்னால் அக்கா மகளை அறைய முடியாது என்பதால் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு டீ வாங்கப் போனார்.

அந்தச் சந்து ராஜா அண்ணாமலைபுரத்தில், ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு வரை ஜோதிலட்சுமியின் வீடும் அங்கேதான். ஆற்றங்கரை வீடுகளை இடிக்க அளவெடுத்தவர்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அம்மாசியின் வீடு தப்பியது. அந்தப் பக்கம் இருந்த அக்காவை லாரியில் ஏற்றி, பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது, வேலை சென்னை மாவட்டத்திலேயே நின்றது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை மாவட்டம் தாண்டினாள் ஜோதிலட்சுமி. மூன்று வீட்டில் பாத்திரம், துணி, கூட்டித் துடைக்கிற வேலை. தாண்டுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் குடியிருப்பிலிருந்து விடிகாலை கிளம்பும் பஸ், நாலு அம்பது வண்டி.

பிணத்தை ஏன் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகவில்லை என்று நாலு பேர் கேட்டார்கள். லிஃப்ட் ஓடவில்லை என்று அம்மாசி சொன்னார். அது உண்மைதான். ஆனால் அங்கே கொண்டுபோனால் வந்து அழ ஆள் ஏது? அந்தக் கட்டடத்தின் பெண்கள் எல்லாரும் பகலில் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாறிலும் அல்லவா இருக்கிறார்கள்? இங்கேயென்றால் ஒரு வீட்டு வேலைக்கும் அடுத்த வீட்டு வேலைக்கும் நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள், கையில் சோப்பு வாசனை போகாமல்.

கீர்த்திக்குப் பைத்தியம் பிடித்தது காலை ஒன்பது மணிக்கு. முனியம்மாள் ஒப்பாரி வைத்தபோது. ஜோதிக்கும் அவளுக்கும் ஒரே கட்டடம், ஒரே வண்டி, பக்கத்துப் பக்கத்து சீட்டு. ஜோதி நேற்று விழுந்தபோது தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் முனியம்மாள்தான். கீர்த்தியைக் கட்டிக்கொண்டு அவள் பாடினாள்:

"நாலு அம்பது வண்டியில நாந்தானே எடம் புடிப்பேன்
திங்கக்கெழம வண்டி நின்னு தெருவுல வுட்டாங்களே
மெயின் ரோடு வரிக்கும் இருட்டுல நடந்தியே
மூணாம் நாளு விழுந்தியே, ஏஞ் ஜோதி, மூச்சு வாங்கி விழுந்தியே"

ஒப்பாரியில் இழவு வீட்டுக்கான புகழ்ச்சி கலந்திருக்கும், பொய் கலக்காது. கீர்த்தியின் அழுகை அந்த இடத்தில் நின்றுபோனது. வண்டி நின்றதை அம்மா அவளிடம் சொல்லவே இல்லை. மகள் எட்டு மணிக்கு எழுந்து அடையாறில் ஏசி ஆபீசுக்குப் போகிறவள். நாலு மணிக்கு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போவது அவள் காதில் விழுந்ததே கிடையாது.

ஆனால் வண்டி ஏன் நின்றது என்பது அம்மாவுக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியும்.

கீர்த்தியின் ஆபீசில் செய்வது வரைபட வேலை. எந்த மாவட்டத்தில் தூங்குகிறவர்கள் எந்த மாவட்டத்தில் உழைக்கிறார்கள் என்று கணினியில் கோடு கோடாக வரைவது. கோடு தடித்தால் பஸ் விடலாம், மெலிந்தால் எடுத்துவிடலாம். அதற்காக வீடு வீடாகப் போய் எழுதி வந்த ஒன்பதாயிரம் பேர் பட்டியலில், கிளம்பும் நேரம் என்ற கட்டத்தில் வெறும் எண்ணை மட்டும் எழுதியிருந்தார்கள். காலையா மாலையா என்று எழுதவில்லை. அறுநூறு பேருக்கு மேல் 4.15, 4.30, 4.50. மேலதிகாரி சந்திரிகா மேடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காலங்கார்த்தால நாலு மணிக்கு யார் வேலைக்குப் போவா? எல்லாம் சாயங்காலம்தான். நைட் ஷிஃப்ட். மாத்திடு கீர்த்தி."

கீர்த்தி மாற்றினாள். ஒரே ஒரு கட்டளை, அறுநூறு பெண்களின் விடிகாலை சாயங்காலமாகிவிட்டது. நாலு மணிக்கு யார் போவார்கள் என்று அந்த ஆபீசிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். வாய்க்கு வந்த பொய். அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டாள். அந்த வரைபடத்தை நம்பி, சோதனையாக இந்தத் திங்கட்கிழமை முதல் விடிகாலை நாலு அம்பது வண்டியைச் சாயங்காலம் நாலு அம்பதுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று மூன்று மணிக்குப் போக்குவரத்து அதிகாரிகளோடு கூட்டம். ஒப்புக்கொண்டால் மாற்றம் நிரந்தரம். மற்ற விடிகாலை வண்டிகளுக்கும் இதே கதி.

பதினொன்றரைக்கு மேல் பெண்கள் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். கீர்த்தி எல்லாரிடமும் கேட்டாள். வீடு எங்கே, வேலை எங்கே, நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எதில் போனீர்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் முனியம்மாள்தான் எழுந்து வந்தாள்.

"யம்மா கீர்த்தி, தப்பா நெனைக்காத. போன தபா இப்பிடித்தான் ரெண்டு பேரு பையி மாட்டிக்கினு வந்து, எத்தினி பேரு, எங்க வேல, எல்லாம் எழுதிக்கினு போனாங்க. நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க. மறு மாசம் லாரி வந்து நின்னுச்சு. இப்ப நீ எழுதினா எங்களை இன்னும் எங்க கொண்டுபோயி போடப் போறாங்க?"

கீர்த்தி லேப்டாப்பைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கால் மரத்துப்போயிருந்தது.

"அந்த வண்டிய நிறுத்தினது நான்தான் அக்கா."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். டீ டம்ளர்களோடு வந்த அம்மாசி மாமாவும் நின்றார்.

"நீங்க நாலு மணிக்குக் கிளம்பறீங்கன்னு எழுதியிருந்துச்சு. நான் சாயங்காலம்னு மாத்திட்டேன். எங்கம்மா பாத்திரம் தேய்க்கறாங்கன்னு ஆபீஸ்ல தெரிஞ்சிடும்னு பயந்து மாத்திட்டேன். இன்னைக்கு மூணு மணிக்குள்ள திருத்தலேன்னா அந்த வண்டி திரும்ப வராது. நடந்துதான் போகணும், நீங்க எல்லாரும்."

யாரோ ஒருத்தி, "அடிப்பாவி" என்றாள், சத்தமில்லாமல். அம்மாசி டம்ளர்களை நாற்காலிமேல் வைத்தார். கீர்த்தி அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

முனியம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கீர்த்தியின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுது. முனியம்மா. ஊடு பெரும்பாக்கம். வேல மந்தைவெளி, ரெண்டு ஊடு. நேத்து நாலே காலுக்குக் கெளம்பினேன், மெயின் ரோடு வரிக்கும் நடை, அங்கதான் உங்காத்தா வுழுந்துச்சு. திரும்பினது ராத்திரி எட்டு. அது வரிக்கும் உங்காத்தாகூட ஆஸ்பத்திரியில இருந்தேன், அதையும் எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

"அப்ப கட்டம் போட்டவனுக்கு அறிவு இல்ல. போன் நம்பரும் எழுதிக்க. யாராச்சும் கேட்டா நானே சொல்றேன்."

அதற்குப் பிறகு கேட்க வேண்டியிருக்கவில்லை. மாலை போட்டுவிட்டு, அழுதுவிட்டு, நேராக வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். தி.நகரில் துணிக்கடை கூட்டுகிறவள், பெசன்ட் நகரில் சமையல் செய்கிறவள், ஒரே நாளில் ஐந்து வீடு ஏறி இறங்குகிறவள். வர முடியாதவர்களைப் போனில் பிடித்துக் கொடுத்தார்கள். இழவுக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து, என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கிழவர்கூட வந்து நின்றார். லேப்டாப்பில் சார்ஜ் இறங்கியபோது அம்மாசி மாமா ஒன்றும் பேசாமல் ஐஸ் பெட்டிக்கு வந்த வயரிலேயே அதையும் சொருகிக் கொடுத்தார்.

ஒன்றரைக்குச் சந்திரிகா மேடம் போன் செய்தார்.

"கீர்த்தி, ரொம்ப வருத்தமா இருக்கும்மா. தைரியமா இரு. இந்த நேரத்துல கேக்கக் கூடாது, அந்த கடைசி ஃபைல் எங்க வெச்சிருக்கே?"

"அந்த ஃபைல் தப்பு மேடம். நாலு மணி எல்லாம் காலை நாலு மணி."

"அதை அன்னிக்கே பேசியாச்சே."

"உங்க வீட்டு வேலைக்கு வர்றவங்க எத்தனை மணிக்கு வராங்க மேடம்?"

"எங்காத்துக்கா? ஆறரைக்கு டாண்ணு வந்துடுவா. எதுக்கு கேக்கறே?"

"எங்கேயிருந்து வராங்க?"

"பெரும்பாக்கமோ என்னமோ சொன்னா." பின்னால் எங்கேயோ குக்கர் விசில் அடித்தது.

"அப்போ எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?"

"நான் கேட்டதில்லை கீர்த்தி."

"எங்கம்மாவும் அந்த வண்டியிலதான் மேடம் போனாங்க. இருபத்திரண்டு வருஷமா வீட்டு வேலை. உங்ககிட்ட பொய் சொல்லியிருந்தேன். இப்போ அறுபது பேருக்கு மேல கேட்டு எழுதியிருக்கேன். எல்லார் போன் நம்பரும் இருக்கு. சந்தேகம்னா கூப்பிட்டுக் கேளுங்க. அந்த அறுநூறு பேரையும் திரும்பக் காலைக்கு மாத்தி, புது வரைபடம் அனுப்பறேன். அதைத்தான் காட்டணும்."

"கூட்டத்துல இதை எங்கே எடுத்தேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"சாவு வீட்டுலன்னு சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா நானே வந்து சொல்றேன். கூட்டம் மூணு மணிக்குத்தானே. எங்கம்மாவை எடுக்கறது நாலு மணிக்கு."

மறுமுனையில் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"நீ வர வேண்டாம்," என்றார் சந்திரிகா. "அனுப்பு. நான் சொல்லிக்கறேன்."

இரண்டு மணிக்கு மேல் கீர்த்தி கணினியைக் கோடு வரைய விட்டாள். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரும்பாக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி, மாவட்ட எல்லையைத் தாண்டி, வடக்கே அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் பிரிந்து பிரிந்து போயின கோடுகள். நேரம் என்ற இடத்தில் காலை என்று இருந்தது. பழைய வரைபடத்தில் வெறிச்சென்று கிடந்த அந்த நேரம், இப்போது பார்க்கவே நெரிசலாக இருந்தது.

"இதுல நான் எது?" என்று முனியம்மாள் கேட்டாள். கீர்த்தி விரலால் தொட்டுக் காட்டினாள். முனியம்மாள் திரையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம், "நாந்தான்," என்றாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அம்மாசி மாமா குனிந்தார். காலையிலிருந்து முதல் முறையாகக் கோபமில்லாத குரலில் கேட்டார்.

"அக்கா எங்க கீது?"

கீர்த்தி ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். வந்தவர்களையெல்லாம் எழுதியவள் படுத்திருந்தவளை எழுதவில்லை.

"செத்தவங்கள எழுத மாட்டாங்க மாமா."

"நேத்து அது வேலைக்குக் கெளம்பலயா? நேத்து கெளம்பினதுதான கேக்குற நீ. எழுது."

அவள் புதிதாக ஒரு வரியைத் திறந்தாள். பெயர், ஜோதிலட்சுமி. வீடு, பெரும்பாக்கம். வேலை செய்யும் இடம், ராஜா அண்ணாமலைபுரம். கிளம்பிய நேரம், காலை நாலே கால். எதில், நடை. முனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. நேற்று வீடு திரும்பிய நேரம். கீர்த்தி அதைத் தொடாமல் அனுப்பப் பார்த்தாள். கணினி விடவில்லை. இந்தக் கட்டத்தை நிரப்பாமல் போக முடியாது என்று சொல்லி, அதை மட்டும் சிவப்பாக்கிக் காட்டியது.

"மூணு மணின்னு போடேன்," என்றார் மாமா. "எப்பவும் அந்நேரத்துக்குத்தான திரும்பும்."

"நேத்து திரும்பலயே மாமா."

அந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற விதியை எழுதியதும் அவள்தான். உள்ளே போய் அந்த விதியை அழித்தாள். மணி இரண்டு நாற்பது. அம்மாவின் கடைசிக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, மொத்தத்தையும் அனுப்பினாள்.