ஒரு ஏப்பம் வரட்டும்

தறிக்கூடத்து இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே காதில் விழாது. ஆனால் முதலாளி வேல்சாமியின் ஏப்பம் மட்டும் கேட்கும். மதியம் கறிச்சோறு தின்ற கையோடு அவர் ஒன்று விட்டால், கோயில் யானை பயந்து பிளிறும் என்று நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் பெண்கள் சத்தியம் செய்வார்கள். கூடவே வரும் புளித்த வாடைக்கு அவர்களில் ஒருத்தியான மாரித்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

போன வாரம் அந்த ஏப்பம் மேலே வராமல் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. "நெஞ்சு கரிக்கே, போயிருவேன் போலுக்கே" என்று அவர் போட்ட கூப்பாட்டில் சங்கரன்கோவில் ஊரே திரண்டது. அவருடைய அம்பாசிடர் திருநெல்வேலிக்குப் பறந்தது. ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயம் இரும்பு மாதிரி இருக்கிறது, வயிற்றுப் புளிப்புதான் மேலே ஏறுகிறது என்று ரோஸ் கலரில் ஒரு புட்டி மருந்து கொடுத்தார். அன்றிலிருந்து முதலாளியே பெரிய டாக்டர். எவனுக்குக் கால் வீங்கினாலும் வாயு, கண் சிவந்தாலும் வாயு.

டாக்டர் சொன்ன மிச்சத்தை டிரைவர் மம்மதுதான் மாரித்தாயிடம் சொன்னான். "நெஞ்சு கரிப்பும் மாரடைப்பும் ஒண்ணுபோலதான் வலிக்குமாம் யக்கா. மிஷினு வச்சுப் பாத்தாத்தான் எதுன்னு தெரியுமாம்."

இன்று, அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்த அவள் புருசன் மூக்காண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். குளித்தவன் மாதிரி வேர்வை.

"நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்புல இருக்குட்டி. இடது கையத் தூக்க முடியல."

மாரித்தாய் ஓடினாள். "மொதலாளி, காரக் குடுங்க. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருதோம்."

"இதுக்கா காரு? எனக்கு வந்த அதே வாயுதாண்டி. ஒரு ஏப்பம் வரட்டும், எந்திச்சு ஓடுவான்."

"அவுக காலையில இருந்து ஒண்ணுமே திங்கலயே. எங்கன இருந்து வரும் ஏப்பம்?"

"வெறும் வயித்துலதான் வாயு கூடும். உனக்கு என்ன தெரியும்?"

வேல்சாமி புட்டியை வாயில் கவிழ்த்துத் தனக்கு ஒரு மிடறு குடித்துக்கொண்டார். விளிம்பில் கறி நார் ஒட்டியிருக்க, எச்சில் வடிய, அதையே மூக்காண்டியின் வாயில் செருகினார்.

"ஏலே, தறியெல்லாம் நிறுத்துங்கலே. ஏப்பம் வருதான்னு கேப்போம்."

கூடம் அடங்கியது. மாரித்தாய் புருசனின் வாயருகே காதை வைத்தாள். ரோஸ் மருந்து கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. மூச்சே இல்லை. அப்போது பெரிதாக ஓர் ஏப்பம் கிளம்பியது. பூண்டும் ஆட்டுக்கொழுப்பும் புளித்த நாற்றம் அவள் முகத்தில் வந்து அப்பியது. முதலாளியுடையது.

பின்னால் நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. "வந்துட்டு! மூக்காண்டிக்கு வந்துட்டுவே!" என்று கை தட்டினார்கள்.

தட்டி ஓய்ந்தும் அவன் எழவில்லை. பாவு நூல் உருளை கொண்டுவரும் தள்ளுவண்டியில் அவனைக் கிடத்தினார்கள். வாசலை அடைத்துக்கொண்டு அம்பாசிடர் நின்றது. மம்மது யார் முகத்தையும் பாராமல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கார் உடனே கிளம்பியது. மெதுவாகப் பின்னால் நகர்ந்து, தள்ளுவண்டிக்கு வழி விட்டது.