மீட்டர் தொட்ட தண்ணீர்

நாகராஜனுக்கு அந்த ஊரில் பேச்சுத் துணை என்று இருந்தது தையலம்மாள் ஒருத்திதான். பாகூர்ப் பக்கத்துப் பெரிய ஏரியின் தண்ணீரைச் சோதிக்க எழுபத்தொன்பதில் அரசாங்கம் புதுசாக ஒரு பேட்டரி மீட்டரைக் கொடுத்து, மதுரைக்காரனான அவனை அனுப்பி வைத்தது. கம்பியைத் தண்ணீரில் விட்டால் போதும், உப்பும் கழிவும் கூடியிருந்தால் முள் எகிறும். அதிசயம்தான். ஆனால் முள்ளோடு எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்பது? சாயங்காலமானால் தையலம்மாள் வாசலுக்குப் போய்விடுவான். "வா தம்பி, குந்து" என்று சொம்பில் தண்ணீர் கொடுப்பாள். அப்புறம் கரும்பு, மாடு, மருமகள் என்று ஊர்க்கதை.

ஒருநாள் இந்த மகராசன் சும்மா இருக்கக் கூடாதா? குடிக்கக் கொடுத்த தண்ணீரில் கம்பியை விட்டுப் பார்த்தான். வேடிக்கை காட்டத்தான், சத்தியமாக வேறு எண்ணமில்லை.

தையலம்மாள் முகம் செத்துப்போயிற்று. "இன்னாபா, நான் குடுக்கிற தண்ணிய சோதிச்சிதான் குடிப்பியா?"

"ஐயோ அக்கா, சும்மா..."

"போதும், போ."

பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. அதற்கப்புறம் எந்த வாசலிலும் அவனை வா என்பாரில்லை. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். தனியே சமைத்துத் தனியே தின்றான். சில நாள் சோற்றில் கை வைத்ததுமே அழுகை வந்தது.

மாசியில் ஏரித் தண்ணீரில் முள் எகிறியது. எங்கிருந்தோ ஆலைக் கழிவு வந்து கலந்திருந்தது. ஊரே குடிக்கும் கரைக் கிணற்றிலும் அதே கதை. மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பினான். அவர்கள் வரும்வரை பொறுக்கிற விஷயமா இது? தையலம்மாளிடம் ஓடினான்.

"அக்கா, கிணத்துத் தண்ணி வேண்டாம். பிள்ளைகளுக்குக் குடுத்துராதீங்க. வயல் பம்புசெட்டுத் தண்ணி நல்லாருக்கு, அதை எடுங்க."

அவள் உள்ளே போய்ச் சொம்போடு வந்தாள். தெருவே கூடிவிட்டது.

"என் வூட்டுத் தண்ணி மேல உனக்கு இன்னா கோவம்? இந்தா, குடி. குடிச்சினா நீ எங்க வூட்டுப் புள்ள."

கை தானாக நீண்டது. ஒரு வாய்தானே, செத்தா போய்விடுவோம்? குடித்துவிட்டால் நாளைக்கே இந்த வாசலில் குந்திக் கதை பேசலாம். ஆனால் அவன் குடித்தால் தெரு முழுக்கக் குடிக்கும். சொம்பை வாங்கித் தரையில் ஊற்றினான்.

"தூ!" என்று கதவை அறைந்து சாத்தினாள் தையலம்மாள்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் குடத்தோடு தையலம்மாள் வந்தாள். கிணற்றைத் தாண்டிப் பம்புசெட்டுப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள். போகிற வழி அவனை ஒட்டித்தான். அவன் எழுந்து நின்று, "அக்கா" என்றான்.

குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவள் நேரே பார்த்தபடி போனாள்.