கற்றல் கலன்

சுவிட்சைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள் பானுப்பிரியா. ஃப்ரீசர் பாக்ஸ் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. கண்ணாடிக்குள் அவள் புருஷன் எத்திராஜ், வகுப்பில் யாரோ தப்பான விடை சொல்வதை முடிக்கட்டும் என்று காத்திருப்பவரைப் போல, கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"கம்ப்ரசர் பூட்ச்சிம்மா," என்றார் பெட்டியை வாடகைக்கு விட்ட கடைக்காரர் சின்னப்பையன். "வோல்டேஜ் ஏறி எறங்கிக்கினே கீது. அதான் அடிச்சிருச்சி."

"வேற பொட்டி கொண்டாங்க."

"எல்லாம் வெளிய கீதும்மா. வெயில் இன்னா வெயிலு பாரு. பூந்தமல்லி வரைக்கும் போன் போட்டுட்டேன், ஒண்ணும் இல்ல. ஐஸ் பாளம் வச்சிக்கலாம். மத்தியானத்துக்கு மேல தாங்காது, இப்பவே சொல்லிட்டேன்."

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆவடி ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் முடிந்துபோனார். மகள் காவ்யா குவாஹாட்டியில் படிக்கிறாள். விமானம் மாறி வெள்ளானூர் வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். அதற்குமேல் எடுக்க மாட்டார்கள், நாளைக் காலைதான்.

எத்திராஜின் அக்கா வேம்புலியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு அருகே வந்தாள். "நான் அப்பவே சொன்னேன். வெயில் எறங்கறதுக்குள்ள எடுத்துரலாம் பானு. புள்ள போன்ல பாத்துக்கட்டும். இப்ப எல்லாரும் அப்டிதான் பாக்குறாங்கோ."

"அவ நேர்ல பாப்பா அண்ணி."

"அடம் புடிக்கிற நேரமா இது?"

"ஆமா."

வேம்புலியம்மாள் மறுபடி மூக்கைச் சிந்தினாள். ஒப்பாரிக்குத் திரும்பிப் போனாள்.

அந்த நேரத்தில்தான் கல்லூரி கார் வந்தது. முதலில் மலர்வளையம் இறங்கியது. அது கேட்டைவிட அகலம்; சாய்த்து, திருப்பி, தூணில் இரண்டு சாமந்தியை உதிர்த்துவிட்டு உள்ளே வந்தது. அதன் பட்டையில் அறக்கட்டளையின் பெயரும் கல்லூரியின் பெயரும் நிறுவனரின் பட்டங்களும் இருந்தன. எத்திராஜின் பெயர் மடிப்புக்குள் போயிருந்தது. பின்னால் முதல்வர் டாக்டர் கோவிந்தன் வந்தார். அவருக்கு முன்னால், பின்பக்கமாகவே நடந்தபடி போட்டோக்காரர் வந்தார்.

"எத்திராஜ் சார் நமது புத்தாக்கக் கற்பித்தல் நல்கையின் முதல் பயனாளி," என்று முதல்வர் ஷாமியானாவைப் பார்த்துச் சொன்னார். கேட்டவர் யாருமில்லை. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் மட்டும் அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்.

இரண்டு வருஷத்துக்கு முன் தொடங்கிய நல்கை அது. புதுமையாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குக் கல்லூரி தரும் சிறு நிதி. நிதி சிறியது, விழா பெரியது. தெர்மாகோலில் செய்த காசோலை கதவளவு இருந்தது. ஒருவர் சக்கரம் வைத்த நாற்காலிகள் வாங்கி அதற்குக் கூட்டுக் கற்றல் என்று பெயர் வைத்தார். எத்திராஜ் பூந்தமல்லி போய், ஆயுசு முடிந்த ஃப்ரீசர் பாக்ஸ் ஒன்றை வாங்கிவந்தார். பக்கத் தகட்டை அறுத்துக் கண்ணாடி போல அக்ரிலிக் பொருத்தினார். உள்ளே ஓடும் குழாய்களில் சூடானதற்குச் சிவப்பும் குளிர்ந்ததற்கு நீலமும் அடித்தார்.

"ஃப்ரிட்ஜத் தொறந்து காட்டினா ஒருத்தனும் செல்போன்லேருந்து தலையத் தூக்க மாட்டான் பானு. இதுக்குத் தூக்குவான்," என்றார்.

தூக்கினார்கள். நிர்வாகமும் தூக்கிப் பார்த்தது. கல்லூரிக்குள் பிணப்பெட்டியா என்று சேர்மனின் ஜோசியர் பதறினார். ஆனால் அதற்குள் ஆண்டு மலரில் பெட்டியின் படம் அச்சாகிவிட்டது. ஆகவே பெட்டியை விட்டுவிட்டுப் பெயரை மாற்றினார்கள்: பன்முகக் குளிர்நிலைக் கற்றல் கலன். வேறு பெயரால் அதை யாரும் குறிப்பிடக் கூடாது என்று சுற்றறிக்கை போனது. ஆய்வுக் கமிட்டி வந்தபோது கலனில் மோர் பாக்கெட்டுகளை அடுக்கிவைத்தார்கள். கமிட்டி மோர் குடித்து, பாராட்டி எழுதிவிட்டுப் போனது. அதன்பிறகு அறையைப் பூட்டிவிட்டார்கள். பாடம் நடத்த எத்திராஜ் ஒவ்வொரு முறையும் சாவிக்கு நடக்க வேண்டியிருந்தது.

முதல்வர் வளையத்தை வைத்து, போட்டோவுக்கு நின்று, பானுப்பிரியாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஈடு செய்ய முடியாத இழப்பும்மா. கல்லூரி உங்க கூட நிக்கும்."

"சார், அவர் பண்ண ஃப்ரீசர் பாக்ஸ் வேணும். இது ஓடல. பொண்ணு வர வரைக்கும் அவரை வைக்கணும்."

முதல்வர் சுற்றும்முற்றும் பார்த்தார். "அது ஃப்ரீசர் பாக்ஸ் இல்லம்மா. கற்றல் கலன்."

"சரி சார். கற்றல் கலனக் குடுங்க."

"அது போதனைக் கருவி. வளாகத்த விட்டு வெளிய போகக் கூடாது. வியாழக்கிழமை கமிட்டி வேற வர்றாங்க. நாங்க ஒண்ணு யோசிச்சிருக்கோம். எத்திராஜ் சார் பேர்ல வருஷா வருஷம் ஒரு நினைவுச் சொற்பொழிவு..."

"சொற்பொழிவுல அவரப் படுக்க வைக்க முடியாது சார்."

முதல்வர் கைக்குட்டையை எடுத்தார். பானுப்பிரியா நகரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் பகலெல்லாம் டைப் அடித்துவிட்டு வந்து, புருஷனின் நல்கை அறிக்கையையும் அவள்தான் அடித்துக் கொடுத்தாள். அது திரும்பத் திரும்ப வந்ததும் அவளுக்குத் தெரியும், ஏன் வந்தது என்பதும் தெரியும்.

"அறிக்கையில ஒரு கட்டம் இன்னும் காலியா கெடக்குல்ல சார்? 'சமூகத்துக்குக் கொண்டு சென்ற விதம்'னு. அதுக்காகத்தான திருப்பித் திருப்பி அனுப்பினீங்க?"

முதல்வரின் கைக்குட்டை நெற்றியிலேயே நின்றது.

"இதோ தெருவே உக்காந்திருக்கு," என்றாள் பானுப்பிரியா. "இத விடச் சமூகம் எங்க கெடைக்கும்? போட்டோ எடுத்துக்கங்க. பேனர் கட்டணும்னாலும் கட்டிக்கங்க. வெயில் உச்சிக்கு ஏறறதுக்குள்ள பொட்டி இங்க இருக்கணும்."

முதல்வர் ஷாமியானாவை ஒரு சுற்று பார்த்தார். முதல்முறையாக அங்கே ஆட்கள் இருப்பது அவர் கண்ணில் பட்டது. முருங்கை மரத்தடிக்குப் போய்ச் சேர்மனுக்குப் போன் போட்டார். நிறைய 'ஐயா' கேட்டது. இடையிடையே 'அவுட்ரீச்' என்று கேட்டது. திரும்பி வரும்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

"ஐயா ரொம்ப சந்தோஷப்பட்டாரும்மா," என்றவர், எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, "வருத்தமும் பட்டாரு," என்று சேர்த்துக்கொண்டார்.

குட்டியானை வண்டியில் கலன் வந்தது. கூடவே எத்திராஜின் மூன்றாம் வருஷ வகுப்பு பாதி வந்தது. லேபிலிருந்து ஸ்டெபிலைசரையும் கழற்றி எடுத்துவந்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே கமிட்டி மிச்சம் வைத்த மோர் பாக்கெட்டுகள். சபீனா என்ற மாணவி அவற்றை வாரிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, துப்பட்டா முனையால் உள்ளே துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்தும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பானுப்பிரியா அவள் தோளைத் தொட்டாள்.

"போதும்மா. காஞ்சிருச்சு."

பேனரும் வந்திருந்தது. சேர்மன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கே கட்டுவது என்று போட்டோக்காரர் கேட்டார்.

"கால்மாட்டுல கட்டுங்க," என்றாள்.

எத்திராஜை மாற்றிக் கிடத்தினார்கள். சபீனா சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஒரு தடவைகூட இருமாமல் ஓடியது. சின்னப்பையன் குனிந்து பார்த்து, "இது நாங்க வாடகைக்கு வுட்ற பொட்டியாச்சே, இன்னா இப்டி மாப்புள கணக்கா கீது," என்றார்.

வேம்புலியம்மாள் மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதவள், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னாடி இது, செவப்பும் நீலமுமா?"

"நீலக் கொழாய் உள்ள இருக்கற சூட்ட வாங்கிக்கிட்டு வரும் பெரியம்மா," என்றாள் சபீனா. "செவப்பு அத வெளிய கொண்டாந்து விடும். குளிர்னு ஒண்ண யாரும் உள்ள வைக்கல. சூட்டத்தான் வெளிய எடுக்கறோம். சரியா?"

அந்த 'சரியா' எத்திராஜுடையது. மாணவர்கள் யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எங்க வுடுது?"

"இங்க, பின்னாடி. கை வச்சுப் பாருங்க."

வேம்புலியம்மாள் கம்பிவலையில் கை வைத்தாள். "ஆமாண்டி. சுடுது."

பானுப்பிரியாவுக்கு அது தெரிந்த பாடம். மழைக்காலத்தில் காவ்யாவின் ஸ்கூல் சாக்ஸ் காயாதபோது எத்திராஜ் அவற்றை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால்தான் விரித்துப் போடுவார். காலையில் சாக்ஸ் வெதுவெதுப்பாக இருக்கும். "ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கற கத்திரிக்காயோட சூடுடா கண்ணு," என்று மாட்டிவிடுவார். காவ்யா அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்து, யாரும் நம்பவில்லை என்று அழுதிருக்கிறாள்.

மத்தியானத்துக்கு மேல் துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் வேம்புலியம்மாளே விளக்கினாள். கட்டிப்பிடித்து அழுவாள், அழுது முடித்ததும் கையைப் பிடித்துப் பெட்டிக்குப் பின்னால் இழுத்துப் போவாள். "குளிர வைக்கல, தெரிஞ்சிக்கோ. சூட்டத்தான் எடுக்குது. என் தம்பி செஞ்சது." போட்டோக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார். முதல்வர் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

வெயில் சாய்ந்து, ஷாமியானாவின் நிழல் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் ஏறியபோது ஆட்டோ வந்து நின்றது. காவ்யா தோள்பையோடு இறங்கினாள். யாரோ அவளைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தார்கள். அவள் விலக்கிக்கொண்டு நேராகப் பெட்டிக்கு வந்து, அப்பாவின் கன்னத்துக்கு நேராகக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றது. உடனே எடுத்துவிட்டாள். கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காலையிலிருந்து தலைமாட்டிலேயே இருந்த பானுப்பிரியா எழுந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து, கால்மாட்டுப் பேனரைச் சுற்றி, பெட்டியின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குனிந்து, அந்தக் கையை விரித்து, கம்பிவலையில் வைத்தாள்.

காவ்யா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தோள்பையைக் கழற்றாமலே அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, இன்னொரு கையையும் வைத்தாள்.