குழாய்த் தண்ணீருக்கு ஒரு படி சாமை

1

ஒரு சின்னக் கடற்கரை நகரத்தின் நிர்வாகத்தைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். ‘இந்நகரில் குடிநீர், விளக்கு, சுகாதாரம் முதலிய வசதிகள்...’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். எனக்கு அந்த ஊருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குக் கதைதான் தோதுப்படும்.

(ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் கையை மடக்கிக்கொள்வார்கள்.)

2

1938. சித்தேரி மலையில் மழை பொய்த்தது. கருப்பி கைப்பிள்ளையோடு பொம்மிடியில் ரயிலேறி, அந்த ஊருக்கு உப்பள வேலைக்குப் போனாள். போய்ச் சேர்ந்த வாரமே பிள்ளைக்கு வயிற்றோட்டம், நாக்கு வறண்டுவிட்டது. தெருமுனையில் ஒரு குழாய். யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நின்றாள். யாரும் தடுக்கவில்லை. திருகினாள். பிள்ளை பிழைத்தது.

உயிர்த்தண்ணீர் தந்தவருக்கு ஒரு படி கொடுக்காமல் புதுச் சாமையை உலையில் போடுவதில்லை. அவள் வீட்டு வழக்கம் அது. மறு வருஷம் மழை பெய்தது, மலைக்குத் திரும்பினாள், சாமை விளைந்தது. வீடே பசியோடு காத்திருக்க, சாமை முடிச்சோடு மறுபடி ரயிலேறினாள்.

3

குழாய்க்காரர் வெங்கடாசலம் முடிச்சைத் தொடவில்லை. “நான் பழுது பார்க்கிறவன்தாம்மா. தண்ணி தொட்டியிலேருந்து வருது.”

தொட்டிக் காவலாளி இன்ஜினீயரிடம் அனுப்பினார், இன்ஜினீயர் கவுன்சிலரிடம், கவுன்சிலர் சேர்மனிடம். (போகிற வழியில் விளக்குக் கம்பம், குப்பை வண்டி, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. கட்டுரைக்கு இது போதும்.)

“நான் யாரும்மா கொடுக்க? வரி கட்டுற ஒவ்வொரு வீடும் கொடுத்த தண்ணி அது” என்றார் சேர்மன்.

“எத்தினி வூடுங்க?”

“நாலாயிரம் இருக்கும்.”

கருப்பி முடிச்சைப் பார்த்தாள்.

4

முடிவு ஒன்று: சேர்மன் மனமிரங்கி வாங்கிக்கொள்கிறார். (வாங்கவில்லை. நேர்மையான மனிதர்.)

முடிவு இரண்டு: குழாயடியில் சாமையைக் கொட்டிக் கும்பிட்டுவிட்டு அவள்... (தானியத்தை மண்ணில் கொட்டுகிறவளா கருப்பி? அடித்தாயிற்று.)

நடந்தது இது. குழாயடியில் உட்கார்ந்தாள். குடத்தோடு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி. “உங்க தண்ணிங்க. எம்புள்ள குடிச்சுப் பொழச்சான்.” ஐம்பது பேருக்குக்கூட வரவில்லை. வெறுந்துணியோடு விழித்தவளிடம், கடைசிப் பிடி வாங்கிய பாஞ்சாலி சொன்னாள்: “எங்களுக்கு வந்து சேர்ந்துச்சு. மீதிப் பேருக்கு மெல்லக் கொடுக்கலாம். போய் உலை வைம்மா.”

5

அந்தப் பிள்ளை நான்தான். அம்மா இருந்தவரை வருஷம் தவறாமல் ஒரு படி போயிற்று. இப்போது என் முறை. ரயிலேற முடியாத முழங்கால் எனக்கு, அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அந்த ஊராக இருக்கலாம். இந்த வருஷச் சாமை வந்துவிட்டது. அடுப்பில் உலை கொதிக்கிறது. கையை நீட்டுங்கள்.