பேர் எழுதாத கோப்பை

விடியற்காலை ஐந்தரை மணி. பிலிமத்தலாவைக் கடைத்தெருவில் ஒரேயொரு தேத்தண்ணிக் கடைதான் திறந்திருந்தது. அதன் பின்புறம், சுந்தரலிங்கம் முதலாளியின் மாவு ஸ்டோரில், மூட்டை சுமக்கும் ஆறு நாட்டாமைகளின் முதுகும் அதற்குள் நனைந்துவிட்டது. ஐம்பது கிலோ மூட்டை லொறி விளிம்பிலிருந்து தோளில் இறங்கும்போது கழுத்தெலும்பு ஒருமுறை முனகும். வேர்வையில் மாவு ஒட்டிப் பசையாகும். காய்ந்ததும் தோலைப் பிடித்து இழுக்கும். வேலை முடிந்து இவர்கள் குளிப்பதில்லை, சுரண்டுகிறார்கள்.

தோளில் வந்த மூட்டைகளைப் பலகைத் தட்டில் அடுக்குவார்கள். தட்டோடு தூக்கி ஸ்டோருக்குள் கொண்டுபோவது தினேஸ் ஓட்டுகிற போர்க்லிப்ட் வண்டி. ஒரு தட்டுக்கு இருபது மூட்டை, ஒரு தொன். லொறி நிற்கும் மேட்டிலிருந்து ஸ்டோர் வாசல்வரை சீமெந்துச் சரிவு.

அந்தத் திங்கட்கிழமை வண்டியில் ஏறுமுன் தினேஸ் மேற்பார்வையாளர் இப்திகாரிடம் கேட்டான். முஸ்லிம் மூத்தவர்கள் அங்கே எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். "பிரேக் இன்னும் பாக்கலையா நானா?"

மூன்று நாளாக இதே கேள்வி.

"முதலாளிக்கு செல்லியாச்சு. லொறி ரெண்டு நிக்கிது. இண்டைக்கி மட்டும் மெதுவா ஓட்டுங்க."

மெதுவாகத்தான் ஓட்டினான். ஆறாவது தட்டோடு சரிவில் இறங்கியபோது, மிதித்த பிரேக் அடிவரை போய் அங்கேயே தங்கிவிட்டது. தினேஸ் கத்தினான். ஐந்து பேர் விலகிவிட்டார்கள். சுவரோரம் குனிந்திருந்த ஜமால்தீனின் இடது பாதம் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டது.

ஐம்பத்துநாலு வயது மனிதர். அலறவில்லை. மாவின்மேல் சிவப்பு பரவுவதைப் பார்த்துக்கொண்டே, "மூட்டைய எடுங்க, நனையப் போகுது" என்றார்.

அவரை முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் முதலாளி போர்க்லிப்டின் பக்கம் போகவில்லை. அறைக்குள் போய் மேசை லாச்சியை இழுத்தார். அதிலிருந்து மருந்துப் பெட்டி போல ஒன்றை எடுத்தார். ஒரு கோப்பையைத் தினேஸிடம் நீட்டினார். தேத்தண்ணி குடிக்கிற அதே பிளாஸ்டிக் கோப்பை.

"இதில சிறுநீர் பிடிச்சுக்கொண்டு வாரும்."

கழிவறைக் கதவைச் சாத்தக் கூடாதென்று உத்தரவு. இப்திகார் வாசலில் நின்று வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி கோப்பைக்கு வெளியே போயிற்று. கோப்பையில் பேர் எழுதவில்லை. மூடி ஒட்டவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று எவரும் கேட்கவில்லை. முதலாளி ஒரு பட்டையை அதில் தோய்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் இருந்தார்.

"ரெண்டு கோடு வரவேணும். ஒண்டுதான் வந்திருக்கு. கஞ்சா."

"முதலாளி, நான் பீடிகூடக் குடிக்கிறதில்லைங்க."

"அதை இந்தக் கோட்டுக்குச் சொல்லும்."

இப்திகார் கோப்பையை எடுத்துப்போய்க் கழிவறையில் ஊற்றினார். தண்ணீர் இழுத்துவிட்ட சத்தம் கேட்டது. இனி அதை வேறெவரும் பரிசோதிக்க முடியாது என்பது தினேஸுக்கு அந்தச் சத்தத்தில்தான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை முதலாளி ஒரு கடுதாசியை முன்னால் வைத்தார். ஆங்கிலத்தில் அடித்திருந்தது. அவரே தமிழில் சொன்னார். கஞ்சா பாவித்த நிலையில் வண்டி ஓட்டி விபத்தை ஏற்படுத்தினேன். ஸ்தாபனத்தின்மேல் பிழையில்லை. வேலையை விட்டு விலகுகிறேன்.

"வியாழனுக்கு முன்னம் கையெழுத்து வையும். பொலிசுக்குப் போகமாட்டன். இதோட முடியும்."

"வைக்காட்டி?"

"வியாழன் காலமை எல்லாருக்கும் கோப்பை. ஒரு கோடு வந்தவன் வீட்ட போவான்." முதலாளி குரலை உயர்த்தவில்லை. "சுமக்கிறவன் எல்லாம் ஏதோ ஒண்டைப் போட்டுத்தான் சுமக்கிறான். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? உம்மால அஞ்சு குடும்பம் றோட்டுக்கு வரும். யோசியும்."

தினேஸ் யோசித்தான். யோசிக்க யோசிக்கச் சுவர்தான் தட்டுப்பட்டது. கையெழுத்து வைத்தால் கஞ்சாக்காரன் என்று அவனே ஒப்புக்கொண்டதாகும். இனி எந்த ஸ்டோரும் அவன் கையில் வண்டிச் சாவி தராது. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து இயந்திரம் ஓட்டப் போன முதல் ஆள் அவன். அந்தப் பேர் அவனுக்கு முன்னால் மலையேறி, மனைவி நிலூஷா தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் போய் நிற்கும். வைக்காவிட்டால், கூட நிற்கிற ஐந்து பேரும் போவார்கள். ஒன்று மட்டும் விளங்கவில்லை. தொடாத கஞ்சா எப்படி வந்தது?

புதன்கிழமை நண்பகல், பார்வை நேரத்தில், அதற்கு விடை கிடைத்தது. தினேஸோடு நாட்டாமைகளில் மூத்த கறுப்பையாவும், ஸ்டோர் கூட்டுகிற பரிமளமும் கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். ஜமால்தீனின் பாதத்தில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள்.

"மகன், நீ மோதகம் திண்ட தானே?" என்றார் ஜமால்தீன், கோப்பை, கடுதாசி எல்லாவற்றையும் கேட்ட பிறகு.

"நீங்க குடுத்தா தின்னாம இருப்பேனா நானா?"

சனிக்கிழமை பின்னேரங்களில் ஜமால்தீன் ஆயுர்வேதக் கடையில் மதன மோதகம் வாங்கி வருவார். இஞ்சியும் கராம்பும் மணக்கும் கறுப்பு உருண்டை. அதை ஏழாகக் கிள்ளி, ஆறு நாட்டாமைகளும் தினேஸும் பிளேன் டீயோடு விழுங்குவார்கள். இடுப்பு வலிக்கு மருந்து. தின்றால் உறக்கம் வரும். கடையில் பகிரங்கமாக விற்கிற சாமானில் யார் என்ன சந்தேகப்படுவது?

"ஒப்பரேசனுக்கு முந்தி டாக்டர் கேட்டாரு, என்னென்ன மருந்து எடுக்குறண்டு. மோதகத்தையும் செல்லிட்டேன். அவர் சிரிச்சிட்டு செல்றாரு, அதில கஞ்சா எலை போடுறாங்களாம். திண்டு ரெண்டு மூணு நாளைக்கிப் பொறகும் ஒடம்புல காட்டுமாம். மயக்கம் தெளிஞ்ச பொறகும் காட்டுமாம்."

கறுப்பையா தலையில் கைவைத்துக்கொண்டார். "அடப்பாவி. எங்க மாமியாருக்கும் மாசம் ரெண்டு உருண்டை வாங்கிக் குடுக்குறேன். அது கோயில்ல முன் வரிசைல ஒக்காந்து பஜனை பாடுது."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். தினேஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதச் சொன்னா ஒங்க எல்லாருக்கும் வேல போயிரும். நான் கையெழுத்து வச்சிட்டுப் போறேன். நாளைக்கு டெஸ்ட் நடக்காது."

ஜமால்தீன் படுக்கையில் கொஞ்சம் நிமிர்ந்தார். வலியில் முகம் சுருங்கியது. "அந்தக் கடுதாசி உன்னைய மட்டும் புடிக்கல்ல மகன். அந்தப் பிரேக்க விடுதல பண்ணுது. நாளைக்கி அதே வண்டி, அதே எறக்கம். ஏன்ட காலுக்கும் பதில் செல்ல ஆளில்ல. டாக்டர் ஏன்ட வாயால கேட்டுத்தான் கத்தியத் தொட்டாரு. முதலாளி உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?"

"கேக்கல."

பரிமளம் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தாள். "முதலாளி ரூம் குப்பையில கெடந்துச்சு. அந்தப் பெட்டிக்குள்ள வந்த தாளு. எம் மக படிச்சுச் சொன்னா." மகள் பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்திருந்ததை நீட்டினாள். இது முதற்கட்ட முடிவு மட்டுமே. ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்த வேண்டும். எப்போது, எவ்வளவு உட்கொண்டார் என்பதை இந்தப் பரிசோதனை காட்டாது.

"இதத்தான் மொத வேலயா குப்பையில போட்டிருக்காரு" என்றாள்.

கறுப்பையா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு மூணு புள்ளைங்க. பெரியவ சோதனை எழுதப் போறா. போற போக்குல வாயக் குடுக்க ஏலுமா?"

அவரை யாரும் வற்புறுத்தவில்லை. பார்வை நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. பிலிமத்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கறுப்பையா கேட்டார்.

"காலையில யாரு மொதல்ல பேசுறது?"

வியாழக்கிழமை விடிந்தபோது மேட்டில் லொறி நின்றது. ஸ்டோர் வாசலில் ஒரு மேசை. மேசையில் ஆறு கோப்பைகள், ஒன்றிலும் பேரில்லை. முதலாளி கதிரையில் இருந்தார். பக்கத்தில் இப்திகார். ஐந்து நாட்டாமைகளும் தினேஸும் பரிமளமும் ஒன்றாக நடந்து வந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா வாங்கோ."

"ஒண்ணாத்தான் வந்திருக்கோம் முதலாளி" என்றார் கறுப்பையா. ஒரு தாளை மேசையில் வைத்தார். "நாங்க ஆறு பேரும் ஜமால்தீன் நானாவும் மதன மோதகம் திண்டிருக்கோம். சனிக்கிழமை, வேல முடிஞ்ச பொறகு. கடையில வாங்குனது. அதுல என்னா இருக்குன்னு தெரியாது. இனி அதத் தொடமாட்டோம். எல்லாரும் கையெழுத்து வச்சிருக்கோம்."

முதலாளி தாளைத் தொடவில்லை. "அப்ப நீங்களே ஒப்புக்கொள்ளுறியள். நல்லது. டெஸ்ட்டும் தேவையில்லை."

"டெஸ்ட் தேவைதாங்க" என்றான் தினேஸ். "குடுக்குறோம். கதவச் சாத்திக்கிட்டுக் குடுக்குறோம். கோப்பையில பேர் எழுதுங்க. எங்க கண்ணு முன்னால மூடி ஒட்டுங்க, நாங்க மேல கையெழுத்து வைக்கிறோம். பாதிய இன்னொன்னுல வைங்க, ஆய்வுகூடத்துக்குப் போகட்டும். டாக்டர் ஒருத்தரு எங்ககிட்ட கேட்டுட்டு முடிவு சொல்லட்டும். அதுவரைக்கும் யாரையும் நிப்பாட்டக் கூடாது. நான் எந்தக் கடுதாசியிலயும் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"எனக்குச் சட்டம் படிப்பிக்க வந்தனீரோ? ஆர் உமக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"நீங்க வாங்குன பெட்டிதாங்க" என்றாள் பரிமளம். அந்தத் தாளை விரித்துக் காட்டினாள். "நான் மோதகம் திங்கிறதில்ல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அன்னைக்கு வேல செஞ்சது மனுசன் மட்டுமில்லையே, வண்டியும்தானே வேல செஞ்சது. அத எப்ப டெஸ்ட் பண்ணுவீங்க?"

முதலாளி எழுந்தார். "தொழில் திணைக்களத்துக்குப் போறதெண்டால் போங்கோ. வருசக்கணக்கில அலைவியள். இந்த ஸ்டோருக்குள்ள நான்தான் சட்டம். மூட்டை இறக்க விருப்பமில்லாதவை இப்பவே வெளியில போகலாம்."

எவரும் போகவில்லை. மூட்டை இறக்கவும் இல்லை. சுவரோரம் கிடந்த மூட்டைகளின்மேல் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். தினேஸுக்குப் பக்கத்தில் கறுப்பையாவின் உதடு எதையோ முணுமுணுத்தது. கடவுளைக் கூப்பிட்டாரோ, மூன்று பிள்ளைகளின் பேரைச் சொன்னாரோ. லொறிச் சாரதி பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தான்.

"இப்திகார்" என்றார் முதலாளி. "உமக்கும் போர்க்லிப்ட் லைசன்ஸ் இருக்குத்தானே. லொறியில வந்த பொடியனும் நீரும் சேர்ந்து இறக்குங்கோ. அவன் அடுக்கித் தருவான். சாவி இந்தா."

இப்திகார் சாவியை வாங்கினார். சரிவின் உச்சியில் நின்ற வண்டிவரை நடந்தார். ஏறி உட்கார்ந்தார். ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஜமால்தீனின் பாதம் அகப்பட்ட இடம் நேரே கீழே, கழுவியும் போகாத கறையோடு இருந்தது. இப்திகார் ஒருமுறை பிரேக்கை மிதித்தார். கால் அடிவரை போயிற்று. இரண்டாம் முறை மிதித்தார்.

இறங்கி வந்து சாவியை மேசையில், ஆறு கோப்பைகளுக்கு நடுவே வைத்தார்.

"நான் ஓட்ட ஏலா முதலாளி."

"ஏன்?"

"பிரேக் இல்ல. போன வெள்ளி செல்லினேன். சனியும் செல்லினேன்." அவர் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் வார்த்தைகளை விழுங்கவும் இல்லை. "கேக்குற ஆக்களுக்கிட்டயும் இத செல்லுவேன்."

முதலாளி அறைக்குள் போய்க் கண்ணாடிக் கதவை அறைந்து சாத்தினார். உள்ளே தொலைபேசியில் யாரோடோ பேசத் தொடங்கினார். பொலிசோ, வக்கீலோ, புது ஆட்கள் பிடித்துத் தருகிறவனோ, வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

இப்திகார் எங்கே நிற்பதென்று தெரியாமல் மேசைக்கும் மூட்டைகளுக்கும் நடுவே நின்றார். கறுப்பையா தினேஸை முழங்கையால் நெருக்கித் தள்ளி, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டார்.